இணைச்சீரில் சத்தம் வராத காரணம்

கருமத்தம்பட்டி
12.9.99

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி திருமூர்த்தியும் வீட்டுக்கு வந்திருக்கும் புதுப்பெண்ணும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி என்று கேட்க எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் பெற்றவன் கேட்காமல் இருக்க முடியுமா, மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல். நூல் வரத்து இல்லாமல் பாதித் தறி சும்மா நிற்கிறது. புதுப்பெண் நல்ல மாதிரி, அத்தைங்க அத்தைங்க என்று உன் அம்மாவையே சுற்றி வருகிறாள், அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியே ஊர்க்கதை எழுதிக்கொண்டு போகலாம், ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய். இணைச்சீருக்கு வசந்தாமணிய நிறுத்துனீங்க, அது சரீங்கப்பா, தம்பி என் பேரக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே, அத்தன பேரும் என்னைய மறந்துபோட்டீங்களா என்று கேட்டாய். சொன்னானே கண்ணு என்று அம்மா சொன்னதற்கு, சமாதானம் சொல்லாதீங்கம்மா, படம் அவ்வளவு தெளிவா வந்துச்சு, அவன் வாயே தொறக்கல என்றாய். சேலையின் ஒரு தலைப்பைத் தம்பியும் மறு தலைப்பைக் கூடப்பிறந்தவளும் பிடிக்கிற சீர், அது உன் உரிமை, அந்த இடத்தில் பெரியப்பா மகள் நிற்பதைப் பார்த்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. தெரிந்தும், நீ கேட்டதுமே ரிசீவரை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் தறிப்பட்டறைக்குள் போய் நின்றுகொண்டேன். நிறைமாதத்தை நெருங்குகிற பெண்ணை அழவிட்டுவிட்டுப் போன அப்பன் நான்.

நடந்தது இதுதான் அம்மணி. விமானம் ஏறக்கூடாது என்று உன் டாக்டர் சொன்னதும், இணைச்சீரையாவது நீ கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் வெங்கடபதியைக் கூட்டி வந்தேன். வீடியோ கேமராவைக் கம்ப்யூட்டரில் செருகி, மண்டபத்து டெலிபோன் வழியாகவே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்றார். முதல்நாள் ஒத்திகை பார்த்தபோது படம் கண்றாவியாக இருந்தது, முகமெல்லாம் கட்டம் கட்டமாகப் பெயர்ந்து, பட்டுக்கரை கரைந்துபோய், உன் அம்மாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஓர் இழை அறுந்தாலே அந்தப் பீஸைத் தள்ளி வைக்கிறவன் நான், எனக்குப் பொறுக்குமா. பின்னால் மினுக்கிக்கொண்டிருந்த சீரியல் பல்பையெல்லாம் கழற்றச் சொன்னேன், பூவேலைத் திரையை எடுத்துவிட்டு நம் தறித்துணியிலேயே வெறும் நீலத்தைக் கட்டினேன், கேமராவைக் கையில் வைத்து ஆட்டக்கூடாது என்று ஸ்டாண்டில் நிறுத்தினேன், முகத்துக்கு நேரே வெளிச்சம் வைத்தேன். அசையாத பொருள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குப் படம் சுத்தமாக வருமாம், வெங்கடபதியே உங்களுக்கு நல்ல கண்ணுங்க என்றார். அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

இணைச்சீருக்குப் பெண்டுபிள்ளைகள் மேடை ஏறினார்கள், அவ்வளவு பட்டும் பளபளப்பும் ஒன்றாகச் சேர்ந்ததும் படம் மறுபடியும் கலங்கியது. டெலிபோன் வாய்க்கால் சின்னதுங்க, படத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் அதுல தண்ணி வருது, இதுக்கு மேல தெளிவு வேணும்னா சத்தத்த நிறுத்தோணும், அசைவையும் கொறைக்கோணும் என்றார் வெங்கடபதி. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை கண்ணு. முப்பது வருசமாகத் தறிச் சத்தத்துக்குள் நின்று வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவன், என் காதும் பாதி போய்விட்டது, எனக்குச் சத்தம் என்பது ஒரு பொருட்டே இல்லை. நீயும் பட்டறைக்குள் வளர்ந்தவள், பாவு நூல் ஓட்டுகிறவர்கள் அந்தக் கோடியிலிருந்து என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு முன்னால் நீ சொல்லிவிடுவாய், படம் தெளிவாக இருந்தால் என் மகள் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வாள் என்று நினைத்துவிட்டேன். அசைவைக் குறைத்தால் உதடும் அசையாது என்பது இந்த மண்டைக்கு எட்டவில்லை. சுத்தமான படமாக, போட்டோ மாதிரி ஒன்று நின்று, அப்புறம் அடுத்தது வந்து, அதற்கு நடுவில் அவன் பேசியதெல்லாம் உனக்கு வராமலே போய்விட்டது. அந்தப் படம் கலங்கலாகவே வந்திருந்தால் நீ இவ்வளவு நம்பியிருக்க மாட்டாய்.

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை போன் பண்ணி, சத்தமே வருலீங்க மாமா என்றபோது, உங்க கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அந்த மனுசன் என் பேச்சை நம்பிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாராம், ஒரு ஸ்பீக்கரை ஒழுங்கா மாட்டத் தெரியாதா, என் தம்பி கல்யாணத்தைக் கெடுத்துட்டீங்க என்று நீ அவரோடு பேசாமலே இருக்கிறாயாம், அம்மா சொன்னாள். அவர் மேல் எள்ளளவும் குற்றமில்லை அம்மணி. சத்தத்தை நிறுத்தச் சொன்னது நான்தான். என்னைத் திட்டு, அவரிடம் பேசு. மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், இல்லை, நீ சொல்ல வேண்டாம், நானே போனில் சொல்கிறேன்.

கேமரா கேசட்டில் சத்தம் எல்லாம் பதிந்திருக்கிறது. வெங்கடபதி அதை உங்கள் ஊர் டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றித் தந்தார், இதோடு அனுப்பியிருக்கிறேன். அவர் கடையில்தான், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நானே அதை முதன்முதலாகக் கேட்டேன். இணைச்சீர்க்காரி யாருங்க, வரச் சொல்லுங்க என்று சீரை நடத்துகிற அருமைக்காரர் கேட்கிறார். எங்கக்கா லோகப்பிரியாதானுங்க, அங்கிருந்து பாத்துட்டிருக்குது, வசந்தாமணி அதுக்குப் பதிலா கை குடுக்குதுங்க, அவ்வளவுதான் என்கிறான் தம்பி. அப்புறம் கேமராப் பக்கம் திரும்பி, அக்கா, புடிச்சுக்கோ என்று தலைப்பை உன்னிடம் நீட்டிவிட்டுத்தான் அவளிடம் கொடுக்கிறான்.

மாரியாத்தா புண்ணியத்தில் சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக எழுந்து நட. அம்மாவின் விசா பேப்பர் வந்துவிட்டது, அடுத்த மாதம் உன்னிடம் இருப்பாள். மாடிப்படி பார்த்து இறங்கு, வேளைக்குச் சாப்பிடு. கேசட்டை மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே போடு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தம்பி உன்னைக் கூப்பிடுகிற அந்த இடத்தில் அவன் குரலுக்கு மேலே இன்னொரு குரல் வரும், முன்னமே சொன்னது போதாதென்று மறுபடியும், சத்தம் போனாப் போச்சுங்க, படம் நல்லா வரோணும் என்று பட்டறையில் கத்துகிற மாதிரி ஒருத்தன் கத்துவான். அத அழிச்சுத் தரட்டுங்களா என்று வெங்கடபதி கேட்டார். வேண்டாம், என் மகள் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
அங்கப்பன்