விரிப்பின் மறுமுனை

அக்கா,

நேற்றோடு ஆடிக் கிருத்திகை முடிந்தது. காவடி எடுத்து வந்தவர்கள் அறைகளைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். தலையணை உறைகளில் எல்லாம் சந்தனம். மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தோடு அப்படியே படுத்துவிடுகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. துவைத்துக் காய்ந்த பிறகும் வாசம் போகவில்லை. மாடிக் கொடியிலிருந்து அவற்றை எடுக்கும்போது உங்கள் நினைவு வந்துவிட்டது.

மலையடிவாரத்து இந்த லாட்ஜ் அப்போது உங்களுடையது. நான் அறை கூட்டித் துணி துவைக்கிறவள். மதியம் மூன்று மணிக்கு, பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வருவதற்கு முன், மாடிக்கு வந்து நாற்காலி போட்டு உட்காருவீர்கள். கையில் காபி இருக்கும். நான் விரிப்பு மடிப்பேன், நீங்கள் கேள்வி கேட்பீர்கள்.

“நேத்து ஏழாம் நம்பர் ரூமு ஒருத்தருது, இன்னிக்கு வேற ஒருத்தருது. அப்ப நெஜமா அது யாருதுடி?”

“ஒங்களுதுக்கா. பத்திரம் ஒங்க பேர்லதானே கீது.”

சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறும்.

எனக்குச் சிரிப்பு வராத நாளும் உண்டு. ஒருநாள் காலை வீட்டில் கேஸ் தீர்ந்துபோய், மகள் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நீங்களோ, எதுவுமே நம்முடையது இல்லை என்று ஆரம்பித்தீர்கள். எனக்கு வாய் நிற்கவில்லை.

“இதெல்லாம் யோசிக்க வசதி வேணும்க்கா. இந்த லாட்ஜு இல்லாங்காட்டி நீங்களும் என்னாட்டம்தான். ஒக்காந்து யோசிக்க எனக்கு நேரம் ஏது?”

உங்கள் கையிலிருந்த காபி ஆறி ஆடை கட்டியது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் நாற்காலி வரவில்லை, நீங்கள் மட்டும் வந்தீர்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றீர்கள்.

“பாதி நான் மடிக்கிறேன். மிச்சமாவுற நேரத்துல நீ யோசி.”

உங்களுக்கு மடிக்கவே தெரியவில்லை. மூலையும் மூலையும் சேராது. முதலாளி என்ற நினைப்பே இல்லாமல் திட்டினேன். ஆனாலும் வேலை அரைமணி நேரம் முன்னதாக, மூன்றரைக்கே முடிந்தது. முதல் நாள் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவதற்கும் பழக்கம் வேண்டும் போலிருக்கிறது. நாலைந்து நாள் கழித்துத்தான் நானாக ஒன்று கேட்டேன்.

“ஏங்க்கா, படியேறி வர்ற எல்லாரும் சாமிகிட்ட எதனா கேக்கத்தானே வர்றாங்க? ஒண்ணுமே வேணாம்னு யாராச்சும் ஏறியிருப்பாங்களா?”

உங்கள் கையிலிருந்த விரிப்பு தரையில் விழுந்தது. நான்தான் அதை மறுபடி துவைத்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். எதுவும் நம்முடையது இல்லை என்ற நீங்கள், என் சம்பளத்தை உயர்த்துவதற்கு மட்டும் ரொம்ப யோசித்தீர்கள். ஆனால் எனக்கு நேரம் என்று ஒன்றைக் கொடுத்தவர் வேறு யாருமில்லை.

பிறகு லாட்ஜ் உங்கள் மகன் பெயருக்கு மாறியது. இடுப்பு எலும்பு முறிந்து, மாடி ஏற முடியாமல், கீழே அதே ஏழாம் நம்பர் அறையில் படுத்தீர்கள். ஒருநாள் கால் பிடித்துவிடும்போது சொன்னீர்கள்.

“அன்னிக்கு நீ சொன்னது சரிதான்டி. வலி இருக்கசொல்ல ஒண்ணுமே தோண மாட்டேங்குது.”

நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு அழுகைதான் வந்தது.

“ஒங்க பாதிய நான் யோசிக்கிறேன்க்கா. நீங்க கண்ண மூடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டே கேட்டீர்கள். “ரூமு யாருதுன்னு கண்டுபுடிச்சியா?”

“ஆங், யோசிச்சிகினுதான் கீறேன்.”

அதற்கு மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

இப்போது விரிப்பின் ஒரு முனையைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டுத் தனியாகத்தான் மடிக்கிறேன். வேலை இழுக்கிறது. இருந்தாலும் மூன்றரை மணிக்கு எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். உங்கள் மகன் பார்த்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. ஏழாம் நம்பருக்கு இன்று பள்ளிப்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது, கைக்குழந்தைக்கு மொட்டை போட. அது யாருடைய அறை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அக்கா. உங்கள் பாதியையும் சேர்த்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.