அப்பாவின் பேரில் போன பெட்டிகள்

2024 மே 14, செவ்வாய்

கச்சான், அந்த வறண்ட மேல்காற்று, விடாமல் வீசுகிறது. கொட்டிலுக்குள் மரத்தூள் பறந்து கண்ணெல்லாம் எரிகிறது. ஏழாவது பெட்டி முடிந்தது. இன்னும் ஐந்து.

போக்கர் ஆடுகிறவர்கள் காசுக்குப் பதிலாக வைக்கிற வட்ட வில்லைகளுக்கான பெட்டி. உள்ளே தூக்கி எடுக்கிற தட்டு, தட்டில் பத்துப் பள்ளம், ஒரு பள்ளத்தில் ஐம்பது வில்லை. அந்தப் பள்ளத்தை உளியால் தோண்டி எத்தனை தேக்குப் பலகையைப் பழுதாக்கினேன்! கடைசியில் பீ.வி.சி. குழாய்த் துண்டொன்றில் சான்ட்பேப்பரைச் சுற்றி இழைத்தேன். வழுவழுவென்று வந்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது.

அப்பா இன்றைக்கும் கொட்டில் பக்கம் வரவில்லை. இரண்டு வருடமாகிறது. மாதா கோயிலுக்கு உட்காரும் வாங்குகளும், சுரூபம் வைக்கிற கூடும் செய்த மனுசன் அல்லவா. "சூதாடிகளுக்குப் பெட்டி செய்யிற இடத்தில நான் கால் வைக்கமாட்டன்" என்று காலையிலும் சொல்லிவிட்டுத்தான் பூசைக்குப் போனார். வராட்டிப் போகட்டும்.

மே 20

தம்பி ஜெனிஸ்டன் வத்தளையிலிருந்து போன் எடுத்தான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அங்கே பெண்டாட்டி வீட்டில்தான் இருக்கிறான். நான் செய்கிற பெட்டிகளை இணையத்தில் போட்டு வெளிநாட்டுக்கு விற்கிறது அவன் வேலை. வாங்குகிற கொம்பனி வீடியோ எடுக்க ஆள் அனுப்புகிறதாம். "செய்யிற ஆளைக் காட்ட வேணுமாம் அக்கா."

செய்கிற ஆள்! முப்பத்தொன்பது வயதாகிறது, அடையாள அட்டைக்குத் தவிர என்னை யார் படம் எடுக்கக் கேட்டார்கள்? கொட்டிலைக் கூட்டினேன். நீலச் சட்டையைத் தோய்த்துப் போட்டேன். இங்கிலீசில் நாலு வசனம் பாடமாக்கி, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். விசரி மாதிரித்தான் இருந்தது. இருக்கட்டும், சந்தோசமாக இருக்கிறது.

ஜூன் 1

தம்பி வந்தான். எல்லோரும் சாப்பிடும்போது சொன்னான்: "அக்கா, கோவிக்காத. அவங்களுக்கு அப்பாதான் வேணும்."

இரண்டு வருடமாக இணையத்தில் அப்பாவின் பேரைத்தான் போட்டிருக்கிறானாம். 'பஸ்தியாம்பிள்ளை, பரம்பரைத் தச்சர்.' கோயில் திருவிழாவில் எடுத்த படமும் கூட.

"ஏன்டா?"

"எழுபது வயசுக் கிழவன்ட கையால செய்தது எண்டால்தான் வெள்ளைக்காரன் வாங்குவான். உன்னைப் போட்டா ஆர் பாக்கிற?"

உன்னைப் போட்டா ஆர் பாக்கிற. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்!

அப்பா மாட்டேன் என்பார், அது நிச்சயம் என்று இருந்தேன். சூது, பாவம் என்று கத்துவார், தம்பி வாயடைத்துப் போவான், பார்க்கலாம் என்று இருந்தேன். அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "தம்பிட பிழைப்பு. ஒரு நாள்தானே" என்றார்.

நான் செய்தால் பாவம், அவன் விற்றால் பிழைப்போ? அப்ப என்ட பிழைப்பு என்ன, சொல்லுங்க பாப்பம்!

ஜூன் 2, ஞாயிறு

அப்பா பூசைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை! காய்ச்சலோடும் போகிற மனுசன்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் வாங்கில் உட்கார்ந்தார். குழாய்த் துண்டைத் தம்பி சாக்குக்குக் கீழே ஒளித்தான், அது வடிவில்லையாம். அப்பாவின் கையில் ஒரு வளைந்த உளி. நான் முடித்து வைத்திருந்த தட்டில் அதை வைத்துத் தள்ளுகிற மாதிரிக் காட்டச் சொன்னார்கள் வீடியோ எடுக்க வந்தவர்கள். உளி வழுக்கி, இரண்டாம் பள்ளத்தில் ஒரு வெட்டு. மூன்று நாள் வேலை. கமரா வைத்திருந்தவனுக்கு அதுவும் பிடித்தது.

பிறகு பேச்சு. தன் தகப்பனும் பூட்டனும் பெட்டி செய்தவர்களாம், மரம் தன்னோடு கதைக்குமாம். எங்கே கிடந்தது இந்தப் பேச்சு? அம்மா செத்த வீட்டில்கூட அப்பா இவ்வளவு பேசவில்லை.

நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். கூட வந்த வெள்ளைக்காரப் பெட்டை சிரித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டாள். "நீ அப்பாக்கு உதவி செய்யிறயா எண்டு கேக்கிறா" என்றான் தம்பி. அது எனக்கே விளங்கியது.

ஓம் என்றேன்.

ஜூன் 3

ஏன் ஓம் என்றேன்? அந்த நாலு வசனமும் வாய்க்குள்தானே இருந்தது!

ஜூன் 28

வீடியோவை ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்களாம். நாற்பது பெட்டிக்குக் கேட்டிருக்கிறார்கள். தம்பி மெசின் போட்டு, ஆட்கள் வைத்து, கொட்டிலைப் பெருப்பிக்கப் போகிறான். அதற்கு வீடும் வளவும் அவன் பேரில் இருக்க வேணுமாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் கலியாணம் கட்டும்போது சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள், மகன் பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். தம்பி அப்படித்தான் போனான். இந்த வீடும் கொட்டிலும் எனக்கு, மேர்லினுக்கு, என்று நான் பாவாடை கட்டின நாளிலிருந்து பேச்சு. கட்டத்தான் எனக்குச் சரிவரவில்லை. அதனால் எழுதாமலே கிடக்கிறது.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "சீதனமாக் குடுக்கிற வீடு மகள். நீ கட்டல்லயே" என்றார். "அவனுக்கு எழுதினாப்போல என்ன, நீ இவடத்திலயே இரி. ஆர் போகச் சொன்ன?"

வேலைக்காரியும் இவடத்திலதான் இரிப்பாள் அப்பா.

சொல்லவில்லை. இங்கே எழுதத்தான் எனக்கு வாய் வரும்.

ஆகஸ்ட் 1

வீட்டைத் தம்பி பேரில் எழுத நொத்தாரிசு கந்தோருக்குப் போனோம். மாமாங்கத் திருவிழாச் சனத்தில் ஓட்டோ நகரவில்லை, திரும்பிப் போய்விடுவோம் என்று ஒரு ஆசை. போய்ச் சேர்ந்தோம்.

அப்பா கையெழுத்து வைத்தார். சாட்சிக்கு ஒரு ஆள் குறைகிறது, அக்கா வை என்று தம்பி பேனையை நீட்டினான். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. பேனையை மேசையில் வைத்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன்: "அந்தப் பெட்டியெல்லாம் செய்தது ஆர் அப்பா? ஒருக்காச் சொல்லுங்க, நான் கையெழுத்து வைக்கிறன்."

நொத்தாரிசு தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அமைதியாகச் சொன்னார்: "நீதான் செய்தாய். ஆர் இல்லையெண்ட? ஆனா அது வீட்டுக்குள்ள தெரிஞ்சாப் போதும்தானே மகள்."

நான் வெளியே வந்துவிட்டேன். கந்தோரில் யாரோ ஒருவர் சாட்சி வைத்தாராம்.

ஆகஸ்ட் 10

"புதுசா ரெண்டு பேர் வாறாங்க, வேலையைக் காட்டிக்குடு" என்றான் தம்பி. சீவுளி, வாள், அரம், குழாய்த் துண்டு எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறினேன். பெரியகல்லாற்றில் இரத்தினம்மா இருக்கிறாள், என்னோடு படித்தவள். புருசனின் படகுக் கொட்டில் சும்மா கிடக்கிறது.

"எத்தின நாளைக்குகா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"சரி, கைய காலக் கழுவிற்று வா, திம்பம்" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 22

மீன் பெட்டி ஆறு. ஒரு கதவு. படகுக்குப் பலகை மாற்றியது இரண்டு. தச்சு வேலை செய்கிறவரை ஓடாவி என்பார்கள்; இங்கே என்னை ஓடாவி அக்கா என்கிறார்கள். முதல் நாள் கேட்டபோது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

நவம்பர் 19

மாரி மழை. தம்பி நாலு தரம் போன் எடுத்தான். ஐந்தாவது தரம் எடுத்துப் பேசினேன். நாற்பது பெட்டியிலும் தட்டு இறுகிவிட்டதாம். இழுத்தால் பெட்டிக்குள் ஒட்டின வெல்வெட் கிழிகிறதாம். கப்பலில் ஏற்றவேண்டிய நாளும் வந்துவிட்டதாம்.

கச்சான் காலத்தில் மரம் காய்ந்து சுருங்கி இருக்கும். அப்போது தட்டைக் கச்சிதமாகச் செய்தால் மாரியில் ஊதித்தான் போகும். சுற்றிவர ஒரு கடதாசி மட்டைத் தடிப்புக்கு இடம் விட வேணும். பள்ளத்துக்கு மெசின் வாங்கினவர்கள் இதை யாரிடம் கேட்டார்கள்?

சிரிப்பு வந்தது. பிறகு என்னவோ சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

டிசெம்பர் 12

வெள்ளம் வடிந்த பிறகு இன்றைக்குத்தான் வெயில். பதினொரு மணிக்கு இரத்தினம்மா சந்திக் கடையிலிருந்து ஓடிவந்தாள். "மேர்லின், உன்ட அப்பா வாறார்கா!"

கடையில் நின்று வழி கேட்டிருக்கிறார். பஸ்தியாம்பிள்ளை என்று தன் பேரைச் சொல்லியிருக்கிறார், ஒருவருக்கும் தெரியவில்லை. மேர்லின் என்றாராம், அதுவும் தெரியவில்லை. "பெட்டி செய்யிற மேர்லின். போக்கர் பெட்டியெல்லாம் அவதான் செய்தவ, நான் இல்ல" என்றாராம், அத்தனை சனத்துக்கு முன்னால். ஓ, ஓடாவி அக்காவா என்று கைகாட்டி விட்டார்களாம்.

இரத்தினம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அப்பா என்னிடம் சொல்லவில்லை.

கொட்டிலுக்குள் வந்தார். இரண்டரை வருடத்துக்குப் பிறகு நான் வேலை செய்கிற இடத்தில் அவராக வந்து கால் வைத்தார். மெலிந்து போயிருந்தார். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வாங்கில் வைத்தார். தட்டு அசையவில்லை. மூடியின் உட்புறத்தில் அவர் பேர் பொறித்த பித்தளைத் தகடு.

"ஒண்டைத் திருத்திக் காட்டினாய் எண்டால் மத்ததுகளை அவங்கள் பாத்துச் செய்வாங்களாம்" என்றார். "தம்பி சரியா நொந்துபோய் இருக்கான்."

தம்பி நொந்துபோய் இருக்கிறானாம்.

தேத்தண்ணி கொடுத்தேன். மீன் குழம்போடு சோறு கொடுத்தேன். மனுசன் வயிறாறச் சாப்பிட்டார். நான் ஏதும் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் சொல்வார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் சொன்னது வாசல்வரைதான் வந்திருக்கிறது.

மூன்று மணி பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏற்றிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக் கொடுத்தேன். தட்டின் நாலு பக்கமும் சீவுளியால் இரண்டு இழை இழைத்தால் போதும், பத்து நிமிஷ வேலை.

செய்து கொடுக்கவில்லை.