ஐம்பத்திரண்டு சொற்கள்

ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் மகள் பட்டாணியும் நலம். இரண்டு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடாது.

அவள் என் சிறப்பு வகுப்புக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வெள்ளிதோறும் ஒரு பக்கத்தைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறாள் என்று எண்ணி நோட்டில் குறிக்கிறேன். ஆகஸ்டில் ஆறு. நேற்று ஐம்பத்திரண்டு! பதிவுத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாளைப் பார்த்ததும் என் மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இங்கே வீட்டருகே உள்ள பள்ளியில் விசாரித்தேன். நாற்பது சொல் வாசித்தால் சேர்த்துக்கொள்வார்களாம். உன் கையெழுத்துள்ள அசல் தாள் வேண்டும். மார்ச் இருபதாம் தேதி வந்து அவளை அழைத்துப் போகிறேன். வாசிப்பு வரவில்லை என்று உன்னிடம் விட்ட மகள் இனி எங்களோடு இருப்பாள். நினைக்கவே நெஞ்சு நிறைகிறது.

உன் தம்பி

பிப்ரவரி 7

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தக் கணக்கு தப்பு.

நேற்று அவசரத்தில் வாசிப்புப் பக்கத்தைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். பட்டாணி அதைத் திருப்பவே இல்லை. கடகடவென்று வாசித்து முடித்தாள். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "எனக்கு முன்னாடி அக்கா வாசிப்பாங்கல்ல, அதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள். பக்கத்து பெஞ்சுப் பெரிய பெண்ணைச் சொல்கிறாள். அளவு மாறக்கூடாதென்று நான்தான் எல்லாருக்கும், எல்லா வாரமும் அதே பக்கத்தைக் கொடுத்தேன். புதுப் பக்கத்தில் ஒன்பது சொல் வாசித்தாள்.

உன்னிடம் ஆசை காட்டியது நான். வெட்கமாக இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

யாரிடமும் வாயைத் திறக்காதே. பழைய தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இங்கே வந்தபின் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். "அண்ணி ஒரு கையெழுத்துப் போட்டா குறைஞ்சா போயிடுவாங்க?" என்று இவள் அழுகிறாள். நீயே சொல், ஒன்பதுக்கு யார் இடம் தருவார்கள்?

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

பழைய தாளையும், ஒன்பது என்று குறித்த புதுத் தாளையும் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புரியாத வகுப்பில் அவள் வாய் மூடி உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோபம் வந்தால் என்மேல் கொட்டு.

அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

பள்ளி அலுவலக வாசலில் அரைமணி நேரம் நின்றேன். உன் கையெழுத்தை நானே போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் இரண்டாவது தாளைத்தான் கொடுத்தேன். இடம் இல்லை என்றார்கள். பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். இவள் என்னோடு பேசுவதில்லை. உன்மேலும் வருத்தம் உண்டு. அது தீர நாளாகும்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. அடுத்த பெஞ்சிலிருந்து கேட்டே ஒரு பக்கம் முழுவதையும் மனப்பாடம் செய்தவள் என் மகள். ஐந்து மாதம் அவளை எண்ணிக்கொண்டிருந்தாயே, அதை எழுத உன் நோட்டில் ஒரு கட்டமாவது இருக்கிறதா?

தம்பி