இடக்கையில் வந்த தைவதம்

“ஏன் சார் இந்தச் சுரத்த வெட்டுனீங்க?” என்று நீங்கள் ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். இன்று காலை அந்தக் கேள்வி மறுபடியும் என் மேசைக்கு வந்தது. நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் தம்பி மாங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, “அக்கா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க” என்று ஒரு புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். தேநீர்கூடக் குடிக்கவில்லை. பிரித்ததும் அந்தப் பக்கம்தான் திறந்தது. என் பென்சில் கோடுகள் ஆறும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் அழிக்கவேயில்லை, ரீச்சர்.

புத்தகம் முழுக்க, ஹங்கேரி நாட்டுக் கிராமப் பாட்டுகளின் சாயலில், பியானோ பழகுகிறவர்களுக்கென்று எழுதிய சின்னச் சின்ன இசைத்துண்டுகள். ஒன்றுகூட ஒரு பக்கத்தைத் தாண்டாது. கிளிநொச்சியில் நாம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பியானோ ஏது? நன்கொடையாக வந்த கீபோர்ட் ஒன்றுதான் இருந்தது. சங்கீத அறையும் ஒன்றுதான். ஒரு பக்கம் கர்நாடக சங்கீதத்துக்கு நான், மறுபக்கம் மேலைத்தேய சங்கீதத்துக்கு நீங்கள், நடுவில் ஓர் அலுமாரி. என் பிள்ளைகள் சரளி வரிசை பாடத் தொடங்கினால் நீங்கள் கீபோர்ட்டின் சத்தத்தைக் குறைப்பீர்கள். நான் ஒருநாளும் என் சத்தத்தைக் குறைத்ததில்லை. அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

உங்களுக்கு டெங்கு வந்தபோது நிரோஜாவின் சாதாரண தரப் பொதுப் பரீட்சையில் சங்கீதச் செயன்முறைக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த வருஷம் உங்கள் வகுப்பிலிருந்து தோற்றிய ஒரே பிள்ளை அவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என்னிடம் சொன்னீர்கள்: “அவ வாசிக்கட்டும் சார். நீங்க பக்கத்துல இருந்தாப் போதும்.”

பக்கத்தில் மட்டும் இருக்க எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்திலிருந்து அவள் பரீட்சைக்கு எடுத்த துண்டில், வலக்கையில் வந்த மெட்டுக்கு ஐந்தே சுரம். கேட்டவுடன் எனக்கு அது சுத்த தன்யாசி. எங்கோ இருக்கும் ஓர் உழவன் நம் ராகத்தைப் பாடியிருக்கிறானே என்று அவ்வளவு சந்தோஷம். ஆனால் இடக்கையில் அடிக்கடி தைவதம் என்ற சுரம் வந்து, சோற்றில் கல் மாதிரிக் கடிபட்டது. அந்த ராகத்தில் தைவதமே கிடையாது. புத்தகம் போட்டோக்கொப்பி, அச்சுப்பிழைதான் என்று முடிவுகட்டி, ஆறு இடத்திலும் தைவதத்தை வெட்டிப் பஞ்சமம் எழுதினேன். நிரோஜா சொன்னதைக் கேட்கிற பிள்ளை. இரண்டு கிழமைக்கு மேலாக அதையே வாசித்துப் பழகினாள்.

நீங்கள் திரும்பி வந்தபோது பரீட்சைக்கு நாலு நாள். அவளை முடிவுவரை வாசிக்கவிட்டு, பக்கத்தைப் பார்த்தீர்கள்.

“சேர்தான் திருத்தினவர் ரீச்சர்,” என்று என்னைக் காட்டினாள். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

“அது அந்நிய சுரம். ராகத்துக்குள்ள வராது,” என்றேன், வகுப்பில் சொல்கிற அதே உறுதியோடு.

“ஹங்கேரிக்காரங்களுக்கு அது தெரியாதே சார்!”

நிரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். “வலக்கை மெட்ட நீங்க பாடுங்க, இடக்கைய நான் வாசிக்கிறேன்,” என்றீர்கள்.

முதல் தைவதத்திலேயே நிறுத்திவிட்டேன். “நிப்பாட்டாதீங்க சார்.” மறுபடியும் நிறுத்தினேன். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு முடிவுவரை போனேன். வயல் வரம்பில் நடக்கும்போது பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடினால் நம் நடை பிழைப்பதில்லை. நடக்கிறோம் என்பது இன்னும் நன்றாகத் தெரியும். அப்படித்தான் இருந்தது.

“ஓம் ரீச்சர், பிழை என்னிலதான்,” என்றேன்.

ஆனால் காது திருந்துகிற வேகத்தில் விரல் திருந்தாது. காய்ச்சல் விட்ட உடம்போடு நாலு நாளும் பின்னேரங்களில் அவளோடு இருந்தீர்கள். என்னைப் பற்றி அவளிடம் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. பரீட்சை முடிந்து வெளியே வந்தவள், “ரெண்டு இடத்தில கை பழைய இடத்துக்குப் போயிட்டுது ரீச்சர்,” என்றாள். பெறுபேறு வந்தபோது அவளுக்கு ‘பி’ தரம்தான். ‘ஏ’ எடுக்க வேண்டிய பிள்ளை.

அன்று பஸ் தரிப்பிடத்தில், “என்னாலதான் அவளுக்கு ஏ போனது,” என்றேன். இல்லை என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன்.

“ஆமா சார், உங்களாலதான்,” என்றீர்கள். “அதுக்காக நாளைக்கு அலுமாரிக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதீங்க. இடக்கைக்கு நான் இருக்கேன். பாட ஆள் வேணும்.”

ஆறுதல் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், அடுத்த நாளைக்கும் கூப்பிட்டீர்கள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் அந்தப் புத்தகம் முழுவதையும் வாசித்து முடித்தோம். சில துண்டுகளுக்கு என்னால் ராகமே சொல்ல முடியவில்லை. உங்களுக்கு அதில் ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எந்தப் பிள்ளையையும் பாதிப் பாட்டில் நான் நிறுத்தியதில்லை. பிழை என்று நினைத்ததில் பாதி, பாட்டு முடிந்தபின் பிழையாக இருக்காது. மிச்சத்தில் அனேகத்தை அந்தப் பிள்ளையே அடுத்த தரம் திருத்திவிடும். இது உங்களிடமிருந்து எனக்கு வந்தது. நன்றி, ரீச்சர்.

நீங்கள் இதை வாசிக்கப்போவதில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: இன்று உங்கள் வீட்டில் யாராவது பாடினால், முடியும்வரை கேளுங்கள். பிறகு, “இன்னொருக்காப் பாடு” என்று மட்டும் சொல்லுங்கள்.