ஒன்பது அங்குலம் குறைச்சல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், இடுப்பைத் தவிர அப்பாவும் சுகம், அவருடைய பழைய பட்டாளத்து லாரி எங்கள் இரண்டு பேரையும்விட சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. இந்த விஷயத்தைப் போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அதற்காகத்தான் கடிதம்.

லாரி ஓடிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் துருப்பிடித்துத் துண்டு துண்டாகப் பின்பக்க ஷெட்டுக்கு வந்தது என்று போனில் சொன்னேனே, அதேதான். முப்பது வருஷம் லைப்ரரியில் உட்கார்ந்து ஊரையே வாயைப் பொத்தச் சொன்ன மனுஷன், இன்ஜினை முதல்முறை உறுமவிட்டபோது பக்கத்து வீட்டு டெய்லர் அக்கா பயந்துபோய் ஒரு சட்டைக்கு மூன்று கை வெட்டிவிட்டாராம். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர் உன் அப்பா. வாழ்க்கையில் போட்ட சண்டையெல்லாம் என்னோடுதான், அதிலும் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. மிச்சமான பச்சை பெயிண்டைக் குளியலறைக் கதவுக்கும் வாளிக்கும் அடித்து வைத்திருக்கிறார், வாளியைப் புல்மேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் தேடினேன். லாரியின் கான்வாஸ் கூரையைத் தைத்தது நான், அதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுக்கிற நாள். இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற கிறுக்கர்கள் எல்லாரும் அடுத்த மாதம் ஊர்வலம் போகிறார்கள். கூட்டாளிகளான பல் டாக்டரும் வெல்டரும் வந்து நின்று சல்யூட் அடிக்க, அப்பா தொப்பியெல்லாம் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கும் டெய்லர் அக்காவின் மாடி வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் லாரியை விட்டார். உன் அறை அங்கே துருத்திக்கொண்டிருக்குமே, அதில் போய் முட்டி நின்றது. ஒன்பது அங்குலம் போதவில்லை. இன்ஜின் பிளக்கின் மயிரிழை இடைவெளியை நூறு தரம் அளந்தவர், சந்தை ஒரு தரம்கூட அளக்கவில்லை. யானை போய் வால் மாட்டிக்கொண்ட கதை கேட்டிருக்கிறோம், இங்கே யானையே மாட்டிக்கொண்டது.

மேஸ்திரி வந்து பார்த்தார். உன் அறைச் சுவரை இடித்து இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினால் வழி கிடைக்குமாம். அப்புறம் அந்த அறையில் கட்டில் போட முடியாது, துடைப்பம் வைக்கலாம். அப்பா உடனே, அவன் என்ன வரவா போறான், அஞ்சு வருஷமா லீவு கிடைக்கலைங்கறான் என்றார். கடப்பாரையோட அந்தப் பக்கம் வாங்க பார்க்கலாம் என்றேன் நான். பிரித்து வெளியே எடுக்கச் சொன்னேன். மறுபடி பூட்ட நாலு வருஷம் ஆகும்டி, எழுபத்தொரு வயசுல என் முதுகு கேக்காது என்று சொல்லிவிட்டு, லாரியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. அவரைப் பார்த்துப் பாவப்பட்டு எனக்குப் பழக்கமில்லை, அதனால் திட்டினேன்.

நேற்று உன் அறையைப் பெருக்கிவிட்டு உன் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே லாரி நிற்கிறது. அந்த மனுஷனுடைய ஆசை கண்ணெதிரே நிற்கிறது, நீ வருகிற நாள் காலண்டரில்கூட இல்லை. நான் யார் பக்கம் பேசுவது, சொல்லு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பழைய வண்டி எதையும் வாங்கித் தொலைக்காதே, வாங்கினாலும் முதலில் வாசலை அள. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு நன்றாக இரு. மேஸ்திரிக்குப் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ இங்கே திரும்பி வந்து இருக்கப்போகிறாயா இல்லையா, ஒரே வரி எழுது. வருவாய் என்றால் சுவர் நிற்கும், அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். வரமாட்டாய் என்றால் ஒரு நாள் அழுவேன், மறுநாள் மேஸ்திரியைக் கூப்பிடுவேன். பார்க்கலாம்மா என்று மட்டும் எழுதாதே. அஞ்சு வருஷமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பதிலுக்குச் சுவரோடு காத்திருக்கும்,
அம்மா