பறவைக் கல்லுக்குக் கீழே

குஸ்தெரே, 3 மார்ச் 1987

அன்புத் தம்பி நெஜ்மி,

உன் கண்களில் முத்தம். இங்கே எல்லாரும் நலம். ஆற்றின் வெயில்படாத நிழல்கரையில் பனி இன்னும் உருகவில்லை; அக்ரூட் விலை படுத்துக் கிடக்கிறது.

நாலு வருடமாகப் பெருநாள் வாழ்த்து மட்டும் போட்டவன் இப்போது இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். ஆறு எங்கே பிரிகிறது, நம் மலைக்கிராமத்துக்கு ஊர்ப்பலகையில் உள்ள பெயருக்கு முன் என்ன பெயர், கிரேக்கர்கள் போனபின் அவர்கள் வீடு யாருக்குப் போயிற்று, பறவை செதுக்கிய கல் எந்த வயலில் என்று. கொலோனில் கார்த் தொழிற்சாலையில் பாகம் பூட்டுகிறவனுக்கு எதற்கு இந்த வட்டாரத்துப் பூகோளமும் சரித்திரமும்?

காபிக்கடையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நாவிதன் தூர்சுன் விடவில்லை. "என்ன ஷாபான் அண்ணே, ஜெர்மனிப் பணம் பத்தாம தம்பி இங்க புதையல் தோண்ட வர்றானா?" கடையே சிரித்தது. இங்கே பழைய கல்லைப் பற்றி ஒருவன் கேட்டால் அடுத்து மண்வெட்டியோடு வருவான் என்பது உனக்குத் தெரியாததா?

ஆறு பழைய ஆலைக்கு மேலே பிரிகிறது. ஊரின் பழைய பெயர் கலிவா. மற்றதை, யாருக்காகக் கேட்கிறாய் என்று சொன்னபின் சொல்கிறேன்.

உன் அண்ணன்,
ஷாபான்

கொலோன், 21 மார்ச் 1987

மதிப்பிற்குரிய அண்ணா,

உங்கள் கைகளை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன்.

சொல்லப் பயந்தேன். என் மகள், உங்கள் நிலாய்க்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். பையன் ஸ்த்ராத்தோஸ், கிரேக்கன். துருக்கியும் கிரேக்கமும் ஆட்களை மாற்றிக்கொண்டபோது, 1924இல் கலிவாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பிய குடும்பம். அவன் அப்பாவைப் பெற்ற எலேனிக்குச் சாகும்வரை நம் துருக்கி மொழி தவிர வேறு பேச்சு வரவில்லையாம். கிரேக்கத்தில், சலோனிகாவில் தெருவே கேலி செய்யுமாம். கடைசி நாளிலும், "எந் தங்கம் பறவைக் கல்லுக்குக் கீழ கெடக்குதே, கையோட கொண்டுவர முடியலையே" என்று அழுதாளாம்.

பையன் அந்த இடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான். ஜூலையில் மூவரும் வருகிறோம். கல் நம் அக்ரூட் தோப்பில்தானே இருந்தது?

உங்கள் நெஜ்மி

குஸ்தெரே, 9 ஏப்ரல் 1987

நெஜ்மி,

அந்தக் கல் இப்போது இல்லை. டிராக்டர்காரன் உடைத்து வேலிக்குப் போட்டுவிட்டான். ஜூலையில் பாலம் கட்டும் வேலை வேறு, வராதே.

ஒற்றைக் கழுதையோடு வியாபாரத்துக்கு வந்தவன் நான். எதிரே நிற்பவன் எதைப் பார்க்கிறான் என்று கண்ணிலேயே சொல்லிவிடுவேன். அந்தப் பையன் நம் பெண்ணைப் பார்க்கிறானா, நம் தோப்பைப் பார்க்கிறானா? மண் அப்பா பெயரில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் தங்கத்தில் உனக்கு எவ்வளவு என்று பேசிவைத்திருக்கிறாய்?

ஷாபான்

கொலோன், 24 ஏப்ரல் 1987

அண்ணா,

தங்கம் என்று அவள் சொன்னது பெற்ற பிள்ளையை. பெயர் தெஸ்பினா, பால்குடி. ஊரைவிட்டுக் கிளம்பும் சமயத்தில் காய்ச்சலில் போய்விட்டது. புதைத்த இடத்துக்கு அடையாளமாக அவள் புருஷன் கல்லில் பறவை கொத்தினான்.

"எந் தங்கம், சூப்பு ஆறுது, வாடா" என்று அம்மா வாசலில் நின்று கூப்பிட்டது யாரை? உங்களைத்தானே.

உங்கள் கடிதத்தை நிலாய் படித்துவிட்டாள். நாங்கள் வரவில்லை.

நெஜ்மி

குஸ்தெரே, 20 மே 1987

தம்பி,

கல் உடையவில்லை. உன் மார்ச் கடிதம் வந்ததும் கடப்பாரையால் நெம்பிச் சாய்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் நானே தோண்டினேன். முழ ஆழத்தில் ஒரு நீலமணி. கண்ணேறு படாமலிருக்கப் பிள்ளைகளுக்குக் கட்டுவது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண் தங்கத்தின் மஞ்சளையே தேடியது. அதற்குக் கீழே சின்னச் சின்ன எலும்புகள். பூனைக்குட்டி என்று சொல்லிக்கொண்டு கூடையில் அள்ளிப் போட்டேன். இன்னும் ஆழமாகத் தோண்டினேன். ஒன்றும் இல்லை. சரியான இடம் உனக்குத் தெரியும், என்னிடம் மறைக்கிறாய் என்ற ஆத்திரத்தில்தான் அந்த ஏப்ரல் கடிதத்தை எழுதினேன். எழுதும்போது கூடை கிடங்கில், அக்ரூட் மூட்டைகளுக்கு நடுவே இருந்தது.

உன் கடிதம் வந்தபின் வெள்ளைத் துணியில் சுற்றி, மணியோடு அதே இடத்தில் வைத்து மூடினேன். அவர்கள் ஜெபம் எனக்குத் தெரியாது. அம்மா என்னைக் கூப்பிட்டதைத்தான் சொன்னேன்.

நீ கேட்ட பூகோளம் இது. ஆலைக்கு மேலே ஆறு பிரியும் இடத்தில் நிழல்கரையைப் பிடித்து நடந்தால் நம் தோப்பு. பெரிய மரத்தடியில் கல்லை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பறவை ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. கலிவா எங்கே என்று விசாரித்தால் காபிக்கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் பெயரைச் சொல்லச் சொல். நீ வராவிட்டாலும் நிலாயையும் பையனையும் அனுப்பு. தோண்டியதை அவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தில் என் கைகளுக்கு முத்தம் இல்லை. நீயே நேரில் வந்தாலும், கூடையில் அள்ளிய அந்தக் கைகளை நீட்ட மாட்டேன்.

ஷாபான்