இரண்டு பேருக்கு ஒரே தேதி

மார்ச் 4

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். தையல் மெஷின்தான் கொஞ்சம் இருமுகிறது. உன் கால் வீக்கம் குறைந்ததா? கண்ணாடிக் கடையில் நின்றுகொண்டே லென்ஸ் தேய்க்காதே, ஸ்டூல் கேட்டு வாங்கு. முதலாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மாப்பிள்ளையின் கப்பல் எப்போது கரைக்கு வருமாம்?

ஒரு சிரிப்புச் சேதி. உன் அம்மா தேர்தலில் நிற்கிறாள்.

சிரித்து முடித்தாயா? எங்கள் மஞ்சள் கட்சியின் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மாநிலத்தில் ஊதாக் கட்சி தவிர வேறு ஆட்சியைப் பார்த்ததில்லை. நம் தொகுதியில் மஞ்சள் கட்சி மொத்தத்தையும் ஒரு ஆட்டோவில் அடைத்துவிடலாம். அதனால் வேட்பாளர் பதவி எங்களுக்குக் குழாயடித் தண்ணீர் மாதிரி, முறை வைத்துத்தான் நிற்போம். போன தடவை சைக்கிள் கடைக்காரர், அதற்கு முன்னால் கம்பவுண்டர். இந்தத் தடவை வந்து, "அக்கா, உங்க முறை" என்றார்கள். நின்று, தோற்று, ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் வேலை. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

நீ கவலைப்படாதே. ஏப்ரல் இருபதில் ஓட்டு எண்ணுகிறார்கள். மே ஐந்தாம் தேதி நான் ரயில் ஏறுகிறேன், டிக்கெட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பத்தாம் தேதிவாக்கில் குழந்தை பிறக்கும் என்று டாக்டரம்மா சொன்னாரே, அன்றைக்கு உன் தலைமாட்டில் நான் இருப்பேன். உன் அம்மா தேதி சொன்னால் தேதிதான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா

மார்ச் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். வயிற்றுக்குள் இருப்பதும் கூடச் சேர்ந்து குதித்தது. முதலாளி என்னவென்று கேட்டார். சொன்னேன். "உங்க ஊர்ல ஊதா நிறத்துல ஒரு செருப்பை நிறுத்தினாலும் ஜெயிக்குமேம்மா" என்றார். நான், "அதனால்தான் என் அம்மா தைரியமா நிக்கிறாங்க" என்றேன். இப்போது எனக்கு ஸ்டூல் கிடைத்துவிட்டது. வேட்பாளர் மகள் என்ற மரியாதை.

அவருடைய கப்பல் ஜூனில்தான் வருகிறது. கடிதத்தில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். கப்பலை அவரா ஓட்டுகிறார், இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிறவர் என்ன செய்ய முடியும்? அதனால் எனக்கு நீ ஒருத்திதான். பகலில் தைரியமாகத்தான் இருக்கிறேன். கடை மூடி மாடிப்படி ஏறும்போதுதான், வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பயம் வந்துவிடுகிறது. மே ஏழாம் தேதிக்கு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், நீ வந்து இறங்கும் நாள். கடை போனில் பேசாதே, முதலாளி காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுது.

நன்றாகத் தோற்றுவிட்டு வா.

உன் பாப்பா

ஏப்ரல் 9

என் கண்ணுக்குட்டிக்கு,

பிரசாரம் முடியப் போகிறது, என் செருப்பு முடிந்தே போய்விட்டது. மேடைப் பேச்சு எனக்கு வராது. அதனால் ஊசி நூலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பேசிக்கொண்டே, பட்டன் அறுந்த சட்டை கண்ணில் பட்டால் தைத்துக் கொடுத்தேன். கை சும்மா இருக்காதே. இது லஞ்சம் என்று ஊதாக் கட்சிக்காரன் ஒருவன் புகார் கொடுத்துவிட்டான். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "பட்டன் அவங்களோடது சார், நூல் மட்டும்தான் என்னோடது" என்றேன். அவர் சட்டைக் கையிலேயே ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டு, கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பாலம் கட்டித் தருவியா?" என்று கேட்டவர்களிடம், "எனக்குத் தெரியாதும்மா, நான் எங்க ஜெயிக்கப் போறேன்?" என்றேன். தோற்கப் போகிறவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அதற்கும் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். நல்ல ஜனங்கள் பாப்பா.

இன்னொரு கூத்து கேள். ஊதாக் கட்சி வேட்பாளர், அந்த லாரி முதலாளி, நேரே நம் கடைக்கு வந்து வெற்றி ஊர்வலத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. சொன்ன தேதிக்குத் துணி குடுக்கிற டெய்லர் ஊர்ல நீங்க ஒருத்தர்தான்" என்றார். பாராட்டில் மயங்கி வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கம் மட்டும் சாயம் ஏறிய மட்டமான துணி. கடை முழுக்க ஊதா மலையாக இருக்கிறது. நடுவில் மஞ்சள் வேட்பாளர் உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிறாள்.

உன் அப்பாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. ரிட்டயர் ஆகியும் கண்டக்டர் புத்தி போகவில்லை, வீட்டுக்கு யார் வந்தாலும் "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்பார். இப்போது வாயே திறப்பதில்லை. யாருக்கு ஓட்டு என்று வாழ்நாளில் சொல்லாத மனுஷன், நான் கேட்காமலே, "நான் உனக்குப் போடமாட்டேன்" என்கிறார். கட்டின பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது? நானும் இரண்டு நாள் குழம்பில் உப்புப் போடவில்லை. அசராமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

உன் அம்மா

ஏப்ரல் 21

பாப்பா,

உட்கார்ந்திருக்கிறாயா? ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். நான் ஜெயித்துவிட்டேன்.

நேற்று முதல் சுற்று எண்ணும்வரை இருந்தேன். பிறகு, சட்டைகளில் பட்டன் வைக்கும் வேலை பாக்கி என்று கடைக்கு வந்துவிட்டேன். மத்தியானம் சைக்கிள் கடைக்காரர் ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தார். "அக்கா, மெஷினை நிறுத்துங்க!" என்று கத்தினார். நான், "டெபாசிட் கிடைச்சுடுச்சா?" என்றேன். "டெபாசிட்டா! ஜெயிச்சுட்டீங்கக்கா! மாநிலம் பூரா நம்மாளுங்கதான் ஜெயிக்கிறாங்க!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். போன தடவை அவருக்கு விழுந்த ஓட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடியிருக்கலாம். கையிலிருந்த பட்டனைத் தைத்து முடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவே கடைக்குள் வந்துவிட்டது. ஊர்வலம் போக வேண்டும், ஆனால் எங்களிடம் ஒரு கொடிகூட உருப்படியாக இல்லை. ஜெயிப்போம் என்று யார் கண்டது? எல்லோர் கண்ணும் ஊதா மலை மேல் போயிற்று. "அடுத்தவங்க துணி, யாரும் தொடக்கூடாது" என்று அதட்டினேன். அந்த நேரம் பார்த்து லாரி முதலாளியே வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. ஆனால் என்னைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சொன்ன தேதிக்கு முடிச்சுட்டீங்களாக்கா?" என்றார். முடித்துவிட்டேன் என்றேன். "அப்ப நீங்களே போட்டுக்குங்க. எங்காளுங்க இன்னைக்கு வீட்டை விட்டு வெளிய வர மாட்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மனசுக்கு என்னவோ போல் இருந்தது. நல்ல மனுஷன்.

சட்டைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினோம். சாயம் ஏறாத வெள்ளை. அதைப் போட்டுக்கொண்டு ஊரே ஆடியது. ஊதாக் கட்சி முன்கூட்டியே பேசிவைத்த பேண்டு வாத்தியக்காரர்களும் திரும்பிப் போக மனசில்லாமல் எங்களோடு வந்துவிட்டார்கள். உள்தையல் எல்லார் தோளிலும் தெரிந்தது. நல்லவேளை, என் உள்தையலில் ஒரு பிசிறு கிடையாது. கம்பவுண்டர் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும், இடுப்பு பிடித்துக்கொண்டு இன்று லீவு.

பார்க்கிறவர்கள் எல்லாம், "உனக்குத்தான் போட்டேன்" என்கிறார்கள். எல்லோரும் போட்டிருந்தால் ஓட்டுப் பெட்டி வெடித்திருக்கும். "நான் போடலை" என்று சொல்கிற ஒரே ஆள் உன் அப்பா.

இப்போது அழுகை வருகிற விஷயத்துக்கு வருகிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சட்டசபையில் எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் அதிகம். எண்ணிக்கையை நிரூபிக்க ஓட்டெடுப்பு வைக்கிறார்கள். ஒருத்தர் வராவிட்டாலும் ஆட்சி கவிழ்ந்துவிடுமாம். அது மே பத்தாம் தேதி.

வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேருக்கு ஒரே தேதி கொடுத்துவிட்டேன். முதலில் தேதி வாங்கியவள் நீ. வா என்று ஒரு வார்த்தை எழுது, வந்துவிடுகிறேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

உன் அம்மா

ஏப்ரல் 27

அம்மா,

வா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஒன்றல்ல, மூன்று தாளில் எழுதினேன். அதில் இருந்ததை எல்லாம் உனக்கு அனுப்ப முடியாது, சண்டைக்காரி மாதிரி எழுதியிருந்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழா, பிறந்த நாள், எதற்குமே என் பாவாடை சட்டை கடைசியில்தானே தைப்பாய்? ஊரார் துணி எல்லாம் முடிந்த பிறகு, கிளம்புகிற நேரத்தில், என்னை நிற்க வைத்தே ஓரம் அடிப்பாய். "நீ வீட்டுப் பிள்ளை, காத்திருப்பே" என்பாய். இப்போதும் நான்தான் காத்திருக்க வேண்டுமா என்று அழுதேன்.

மறுநாள் கடைக்குப் போனால் முதலாளி பேப்பரை விரித்து வைத்திருந்தார். அதில் நீ! கழுத்தில் டேப்பு, வாயில் குண்டூசி. குண்டூசியை எடுக்காமலா அம்மா போட்டோவுக்கு நிற்பாய்? கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதலாளி புதுக் கண்ணாடியை மாட்டி, "இந்தப் போட்டோ தெரியுதா பாருங்க, இவங்க மகதான் உங்க லென்ஸ் தேய்ச்சது" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

அம்மா, ஊரார் துணியை வாங்கி வைத்துக்கொண்டு தைக்காமல் நீ இருந்ததில்லை. அவர்கள் ஓட்டையும் வாங்கிவிட்டாய். போய்க் கையைத் தூக்கு. நான் வீட்டுப் பிள்ளை, காத்திருப்பேன். கோபமாக எழுதவில்லை, நிஜமாகத்தான்.

பயமாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் பாப்பா

மே 5

என் தங்கமே,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பது தபால்காரர் இல்லை, உன் அப்பா.

உன் கடிதம் வந்ததும் அவரிடம் நீட்டினேன். படித்தார். எழுந்து போய்ப் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கினார். "நான் போறேன்" என்றார். "உங்களுக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?" என்றேன். "கூட்டமான பஸ்ஸுல வலி வந்த பொம்பளைங்களை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் இறக்கியிருக்கேன். என் மகளை இறக்க மாட்டேனா?" என்றார். அன்றிலிருந்து சமையலறையில் என் பின்னாலேயே நின்று ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். முதல் ரசத்தைப் பூனை மோந்துவிட்டுப் போய்விட்டது. நாலாவது பரவாயில்லை. உப்புக் குறைந்தால் ஒன்றும் சொல்லாதே, அது நான் செய்த வினை. என் டிக்கெட்டைப் பதினோராம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். கையைத் தூக்கிய கையோடு ரயில் ஏறிவிடுவேன்.

அவர் கையில் இருக்கும் துணிப்பையைப் பிரித்துப் பார். குழந்தைக்குச் சட்டைகள். அதை எப்போது தைத்தேன் தெரியுமா? லாரி முதலாளி துணி கொடுத்த அன்றே உன் பிள்ளைக்கும் மெத்தென்று மல் துணி வாங்கி வந்தேன். ஊதா மலையை ஓரமாகத் தள்ளிவிட்டு இதைத்தான் முதலில் முடித்தேன். வாழ்க்கையிலேயே வீட்டுத் துணியை முதலில் தைத்தது இந்தத் தடவைதான். நீ ஆண்டு விழாவைப் பற்றி எழுதுவதற்கு முன்னாலேயே. அது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

உன் அப்பாவிடம் கேட்டுச் சொல், ஏன் எனக்கு ஓட்டுப் போடவில்லை என்று. என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஊரே ஜெயிக்க வைத்தும், அந்த ஒரு ஓட்டு நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

உன் அம்மா

மே 10, சாயங்காலம்

அன்புள்ள பாட்டிக்கு,

ஆமாம், பாட்டிதான். பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். நீ ரயில் ஏறுவதற்குள் இது வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ திரும்பிப் போகும்போது வாசலில் உனக்காகக் கிடக்கட்டும்.

அப்பா ஆஸ்பத்திரியையே பஸ்ஸாக்கிவிட்டார். தாழ்வாரத்தில் கூட்டம் முட்டியதும், "வயித்துப் பிள்ளைக்காரங்களுக்கு வழி விடுங்க, மத்தவங்க பின்னாடி போங்க" என்று ஒரு குரல் கொடுத்தார். எல்லோரும் போய்விட்டார்கள், ஒரு டாக்டர் உட்பட. வலி அதிகமானபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஸ்டாப்புதான் பாப்பா, இன்னும் ஒரே ஸ்டாப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குறைந்தது பத்து ஸ்டாப்பு போயிருக்கும். அவர் ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு தம்ளர் குடித்தேன்.

குழந்தையைத் துடைத்து என்னிடம் கொடுத்த நர்ஸ், உன் சட்டையைப் போட்டுவிட்டு, "யார் தைச்சது? பிள்ளை மேல உரசாம தையலை எல்லாம் வெளிப்பக்கம் விட்டிருக்காங்களே" என்றார். உன் ஊர்வலத்தார் மாதிரியே தோளில் தையலோடு படுத்திருக்கிறாள். ஒரு பிசிறு இல்லை.

மத்தியானம் நர்ஸ் அறை ரேடியோவில் செய்தி. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஆட்சி தப்பியது என்றார்கள். அப்பா எழுந்து நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அந்த ஒண்ணு என் பெண்டாட்டி!" என்றார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் அழுதுவிட்டன.

பிறகு அவரிடம் கேட்டேன், அம்மாவுக்கு ஏன் போடவில்லை என்று. பேத்தியின் விரலை நீவிவிட்டார். அப்புறம் சொன்னார்: "உங்கம்மா தோத்தாத்தானே உன்கிட்ட வர முடியும்? நீ தனியா இருக்கே. அதான் ஊதாவுல குத்தினேன். இத்தனை வருஷமா யாருக்கும் சொல்லாம மஞ்சளுக்கேதான் போட்டேன், ஒரு தடவையும் ஜெயிக்கலை. ஆயுசுல ஒரே ஒரு தடவை ஜெயிக்கிற பக்கம் போட்டேன், அதுவும் தோத்துப் போச்சு."

சிரித்ததில் எனக்குப் போட்ட தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து திட்டினார். நெஞ்சில் நின்ற முள்ளை இப்போது எடுத்துவிடு அம்மா. உனக்கு விழாத அந்த ஓட்டு எனக்கு விழுந்தது.

வரும்போது டேப்பை மறக்காமல் எடுத்து வா. இவள் வளர்கிற வேகத்தில் அடுத்த சட்டைக்கு அளவெடுக்க வேண்டும். தேதியும் இவளிடமே நேரில் சொல்லிவிடு.

உன் பாப்பா

பி.கு: அப்பா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார். "அடுத்த தடவை கட்டாயம் அவளுக்கே போடுறேன்னு எழுது. ஆனா அந்த நேரம் பார்த்து நீ இன்னொண்ணு பெத்துக்கக் கூடாது."